மடியில் வைத்திருந்த எல்லைக்கல்

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம். நகரியிலிருந்து சத்தியவேடு பக்கம் ஏரிக்கரைகளின் மேலேயே சைக்கிளில் போனேன். வழியில் சர்வே ஆபீஸ் பியூன் ஒருவர் சேர்ந்துகொண்டார். வற்றிய உடம்பு, தொளதொளத்த காக்கிச் சட்டை. அவர் சைக்கிள் கேரியரில் ஓர் எல்லைக்கல் கட்டியிருந்தது.

ஏரி கரை தளும்பக் கிடந்தது. மரநிழலில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி நின்றே சாப்பிட்டார்.

"கல்லை இறக்கி வைக்கலாமே?" என்றேன்.

"போன வாரம் வெச்சேன் சார். அதான் பார்டர்னு ஊரே கூடிட்ச்சி. ஒரு அம்மா, எங்க கெணறு அந்தப் பக்கம் பூட்ச்சேன்னு அய்துகினு வந்திச்சி."

சற்றுத் தூரத்தில் அவர் டயர் பஞ்சரானது. ஒட்டி முடிக்கும்வரை கல்லை என் மடியில் வைத்தார். அவ்வழியே வந்த விவசாயி ஒருவர் என்னைக் கும்பிட்டார்.

"எங்க கொல்லி நெலம் எந்தப் பக்கம் வருது சாமி?"

நான் பியூன் பக்கம் கைகாட்டினேன்.

"இன்னும் எங்கியும் போவல. நீ போயி தண்ணி கட்டு நைனா" என்றார் பியூன், டியூபைத் தேய்த்தபடியே. விவசாயி நிம்மதியாகப் போனார்.

கரை பிரியுமிடத்தில், கல்லை எங்கே நடுவீர்கள் என்று கேட்டேன்.

"ஏரிக்கரையில நடுன்னு ஆர்டர்ல கீது சார். எந்த ஏரின்னு போடல. அதான் சுத்திக்கினு கீறேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஏரியின் கரையில் ஏறி மிதித்தார். ஆர்டரில் ஏரியின் பெயர் நிஜமாகவே இல்லையா, அவர்தான் அதைப் படிக்க விரும்பவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.