கண் திறக்காத சிலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எங்கள் பூஜை மாடத்தில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உளி இருக்கிறது. விளக்கேற்றும்போது அதற்கும் பொட்டு வைக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்தே இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் பட்டறை வைத்திருந்த சிற்பி. தெருமுனைகளில் நிற்கும் தலைவர்கள் பலர் அவர் கையால் வந்தவர்கள். சாமி சிலைக்கு எல்லாம் முடிந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகுதான் கண் திறப்பது வழக்கம். தலைவர் சிலைக்கும் அவர் அப்படியேதான் செய்வார். மாடத்தில் இருக்கும் அந்த உளி, விழி செதுக்க மட்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் கிண்டல் செய்வார்.

"இன்னா அண்ணாத்த, தலைவரு கண்ணு இல்லாம லாரி ஏறிக்கினு போறாரே, வழி தெரியுமா?"

"போய் நின்னாதான்டா கண்ணு. இங்கயே தொறந்தா இன்னாத்த பாப்பாரு, உன் மூஞ்சியையா?"

கடைசியாகச் செய்தது எங்கள் கூட்டுரோட்டுக்கான சிலை. கூலிச் சனங்களுக்காக நிலம் கேட்டுப் போராடிய தலைவர். என் பிறந்த வீட்டு மனையே அவரால் கிடைத்ததுதான். திறப்பு விழாவன்று காலையில் என் வீட்டுக்காரர் குளித்து, நாமம் இட்டு, உளியோடு ஏணியில் ஏறிவிட்டார். சிலையைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்கை அவிழ்க்கும் நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்து, இங்கே சிலை கூடாது, கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறோம் என்றது. கல் பறந்தது. "பெரியவரே, எறங்குங்க. கேஸ் முடியற வரைக்கும் சாக்குல கை வைக்கக் கூடாது" என்றார் போலீஸ்காரர்.

கேஸ் முடியவில்லை. கல் தூசு அவர் நெஞ்சை அரித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்தச் சாக்கு மூட்டையையே பார்ப்பார். "பட்டறையிலயே தொறந்திருக்கலாம்மே. நான்தான் கெடுத்துட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். சிலையைச் சாக்கோடு பெயர்த்து, ரோடு வேலை சாமான் போடும் கொட்டகைக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டார்கள். போன மாசம் உளியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன்.

"அதுவா? யாரு செலன்னே தெர்லம்மா. அதும்மேல குந்திதான் நாஸ்தா துன்றோம்" என்றார் கொட்டகை வாட்ச்மேன். "கேஸ் கீது. எதுனா பண்ணிடாத, என் வேல பூடும்."

சாக்குக் கிழிசலில் கையை விட்டேன். மூக்கு இருந்தது, உதடு இருந்தது. இமைகளுக்கு நடுவில் விழி வரையாத வெறுங்கல், வழவழவென்று. உளி பிடிக்க எனக்குத் தெரியாது. வந்துவிட்டேன்.

பெருமாளிடம் இப்போது எதையும் கேட்பதில்லை. விளக்கு மட்டும் ஏற்றுகிறேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். நான் சொன்னபடியே சொல்லுங்கள். கேட்கிறவர் மனசு ஆறட்டும் என்று, கடைசியில் கண் திறந்ததாகச் சேர்த்துவிடாதீர்கள். உளி மாடத்தில்தான் இருக்கிறது.