மனுவில் சேராத பேச்சு

“உக்காருங்க. என்ன வேணும்னு எடுத்த எடுப்புல சொல்லிராதீக. வேற எதாச்சும் பேசுங்க.”

உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் தன் தட்டச்சு, ஜெராக்ஸ் கடைக்கு மனு எழுத வருகிறவர்களிடம் சாஜிதா சொல்லும் முதல் பேச்சு இதுதான். பத்து மணிக்குள் மனுவைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடி வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். வேறு எதைப் பேசுவது? சாஜிதா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க யாராலும் முடிந்ததில்லை. பேச்சு சூடு பிடித்ததும், முக்காட்டுக்குள் காதோரம் செருகியிருக்கும் பேனா தானாகக் கைக்கு வந்துவிடும்.

பழைய சாஜிதாவைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. பத்தொன்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, “ஒத்த வரியில சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது” என்று அதட்டிக்கொண்டிருந்தவர் அவர். மனுவில் ‘பொருள்’ என்று ஒரு வரி வரும். பட்டா மாறுதல் வேண்டி, வாரிசுச் சான்று வேண்டி என்று, வந்தவரின் மொத்தக் கஷ்டத்தையும் அந்த ஒரு வரிக்குள் மடக்கிப் போடுவதில் சாஜிதாவை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் சினிமாவுக்குக் கதை எழுதுவார். இந்த ரகசியம் கணவர் அல்தாபுக்கு மட்டும்தான் தெரியும். அல்தாப், கம்பம் மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவர். சாயங்காலம் களைத்து வரும் மனிதரை உட்காரவைத்து எழுதியதை வாசித்துக் காட்டுவார் சாஜிதா. மூன்றாவது சீனில் அவர் தலை தொங்கிவிடும். உலுக்கி எழுப்பினால், “தூங்கல சாஜி, கண்ண மூடிக்கிட்டுப் படமா ஓட்டிப் பாக்குறேன்” என்பார். பதினொரு கதைகள் இப்படி மூன்றாவது சீனைத் தாண்டாமலே படுத்துக்கொண்டன.

அந்தப் பதினொன்றைப் பற்றிக் கேட்டால் இன்று சாஜிதாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மேகமலை அண்ணாந்து பார்க்கிற தூரத்தில் கிடக்க, அவருடைய காதலர்கள் எங்கோ பனிமலையில் ஆடிப் பாடினார்கள். இருபது மாடிக் கட்டடத்தில் கொலை நடந்தது. சாஜிதா அதுவரை ஏறியிருந்ததோ தேனித் துணிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடிவரைதான். இடம்தான் போகட்டும், பேச்சைக் கேட்க வேண்டுமே! காதலன் காதலியிடம், ‘நான் உன்னைக் கடந்த மூன்று ஆண்டுகளாகக் காதலித்து வருகிறேன். எனவே என்னைத் திருமணம் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பான். வில்லன்கூட, இன்ன தேதியில் இன்ன காரணத்துக்காக என்று விவரமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் குத்துவான்.

கயல் வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். சின்னமனூர்ப் பெண். சென்னையில் ஏழு வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, தன் முதல் படத்துக்குக் கதை தேடி அலைந்துகொண்டிருந்தவள். வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட வந்த இடத்தில், பிரிண்டர் மக்கர் பண்ணியது. சாஜிதா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கம்ப்யூட்டரில் திறந்து கிடந்த பதினோராவது கதையைக் கயல் வாசித்துவிட்டாள்.

“யாருக்கா எழுதுனது?”

“நாந்தான். சும்மா, பொழுது போகணும்ல.”

கயல் இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தாள். “சீன் வைக்க நல்லாத் தெரியுது உங்களுக்கு. ஆனா உங்க ஆளுக எல்லாரும் மனு குடுக்குறாகக்கா. ஒருத்தராச்சும் பேசுறாகளா?”

சாஜிதா சிரித்துத்தான் அனுப்பினார். ஆனால் மத்தியானச் சோறு இறங்கவில்லை. நாலு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று முளைத்த பெண் என்னைச் சொல்வதா என்று பொருமினார். அவள் சொன்னது சரிதான் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

ஐந்தாம் நாள் செல்லப்பாண்டி வந்தார். ஆனைமலையன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். எழுபதை நெருங்குகிற வயது. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தார்.

“மோட்டாருல ஏதோ கோளாறு தாயி. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு நல்லாத்தான் இருக்குங்குறான். ஓடத்தான் செய்யுது, தண்ணியும் வருது. ஆனா முன்ன மாதிரி இல்ல. முன்னெல்லாம் நா இங்கன சுச்சப் போட்டா, அங்கன வாய்க்காக் கடைசியில இருந்து ‘வந்துருச்சு’ன்னு ஒரு சத்தம் வரும். இப்ப நானே சுச்சப் போட்டு, நானே ஓடிப்போயிப் பாக்க வேண்டியிருக்கு. இது என்ன கோளாறு, நீயே சொல்லு.”

“ஐயா, என்ன மனுன்னு சொல்லுங்க. வரிசையில ஆளு நிக்குது.”

செல்லப்பாண்டி பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. சாஜிதா மளமளவென்று அடித்தார்: ‘பொருள்: குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் வேண்டி.’ பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போனார். அவர் தாலுகா அலுவலகத்து வாசலை எட்டும் நேரத்தில்தான் சாஜிதாவுக்கு மோட்டாரின் கோளாறு என்னவென்று உறைத்தது. ‘வந்துருச்சு’ என்று சத்தம் கொடுத்த மனுஷியின் பெயரைத்தான் இப்போது நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வருடமாக எத்தனை பேர் இந்த நாற்காலியில் வந்து பேசியிருப்பார்கள்! தான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்த வசனத்தையெல்லாம், ‘விஷயத்துக்கு வாங்க’ என்று தானே வெட்டி எறிந்திருக்கிறோம் என்று நினைத்தபோது கண்ணீர் வந்துவிட்டது. அது செல்லப்பாண்டிக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்டால், “ரெண்டுக்குந்தான்” என்பார்.

அன்றே ஒரு நீள நோட்டு வாங்கி, அட்டையில் ‘மிச்சம்’ என்று எழுதினார். மனுவுக்குள் போக முடியாதது எல்லாம் அதற்குள் போகும். முகவரி மாற்றம் கேட்டு வந்த சோணையம்மாள், மருமகள் வாங்கிய புது மிக்சி எப்படிக் கத்துகிறது என்று அரை மணி நேரம் சொன்னதும், மகன் வீட்டைவிட்டுத் தான் எதற்காக வெளியேறினோம் என்பதைக் கடைசிவரை சொல்லாததும் முதல் நோட்டில் இருக்கிறது. இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது. சீன் எழுதுவது மட்டும் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் முதுகில். புதுத் தாளைக் கண்டால் கை பயந்துபோய் ‘ஐயா’ என்று ஆரம்பித்துவிடுகிறதாம்.

பன்னிரண்டாவது கதை அந்த நோட்டிலிருந்துதான் முளைத்தது. மனைவியின் பெயரை நீக்கச் சொல்ல ஓர் அலுவலகத்துக்கு வாராவாரம் போய், மோட்டார், மழை, மருந்து என்று எதையெதையோ பேசிவிட்டு, விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வரும் ஒரு கிழவரின் கதை. எழுத உட்காரும் முன் சாஜிதா தோட்டத்துக்கே போய்ச் செல்லப்பாண்டியிடம் சம்மதம் கேட்டார். அவர் திராட்சைப் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பேர மாத்திக்க தாயி. மோட்டாரு விசயத்த மட்டும் மாத்திராத” என்றார்.

அல்தாபுக்கு வாசித்துக் காட்டிய அன்று மூன்றாவது சீன் தாண்டியது, ஐந்தாவது தாண்டியது. ஒன்பதாவது சீனில் மனிதர் விருட்டென்று எழுந்து, “ஜீப்புல டீசல் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்” என்று வெளியே போனவர், முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். சாஜிதா கயலுக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் ஆறு முறை திருத்தி எழுதினார்கள். நடுவில் இரண்டு தடவை பேச்சுவார்த்தை கிடையாது என்கிற அளவுக்குச் சண்டையும் போட்டார்கள்.

பட அதிபர் அஜய்குமார் சென்னைக்காரர். கதை பிடித்திருந்தது, ஒரே ஒரு சீன் தவிர. கிழவர் கடைசியாக அலுவலகத்துக்குப் போய், அப்போதும் சொல்லாமல் எழுந்துவிடும் சீன். ‘என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா சார்’ என்று அங்கே அவர் உடைந்து அழ வேண்டும், அப்படி எழுதிக்கொடுத்தால் அடுத்த மாதமே படப்பிடிப்பு, இல்லையென்றால் வேறு கதை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். தேனியில் ஒரு லாட்ஜில் வந்து தங்கி, இருவரையும் வரச் சொன்னார்.

உத்தமபாளையத்திலிருந்து தேனி போய்ச் சேரும்வரை கயல் பஸ்ஸில் கெஞ்சிக்கொண்டே வந்தாள். “எழுதிக் குடுத்துருவோம்க்கா. இத விட்டா எனக்கு வேற வழியே இல்ல.” சாஜிதாவுக்கு அது தெரியாதா? கேட்ட மாதிரியே எழுதிய ஒரு சீன் அவர் பைக்குள் இருந்தது. எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வேகம்தான் அவரைப் பயமுறுத்தியது. பத்தொன்பது வருட மனுக்களில் இன்னும் ஒன்று. அதைக் கொடுத்தால் படம் உண்டு, கயலுக்கு வாழ்வு உண்டு. கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்துவிட்டால் கதைக்குள் இருக்கும் அந்தக் கிழவர் செத்துப்போவார்.

“எழுதிட்டீங்களா மேடம்?” என்றார் அஜய்குமார். அதிகாரிகள் முன் எழுந்து நின்று பணிவாகப் பேசியே பழகிய சாஜிதா, அன்று கேட்காமலே அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க ஆபீசரு சார். நா அந்தப் பெரியவரு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், கேட்டா மட்டும் போதும்.”

பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தார். மெக்கானிக் வந்துபோனது, சுவிட்சுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஓடுவது, ஓடும்போது செருப்பு அறுந்தது. அஜய்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். சாஜிதா நிறுத்தவில்லை. வாய்க்கால் கடைசியில் நின்று இப்போது தானே ‘வந்துருச்சு’ என்று கத்திப் பார்த்ததையும், கத்திவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்ததையும் சொன்னார்.

அஜய்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. “சரிங்க, இப்ப உங்களுக்கு என்னதாங்க வேணும்?”

சாஜிதா பைக்குள் கையை விட்டார். கை உள்ளேயே நின்றது. வெறுங்கையை வெளியே எடுத்து, “ஒண்ணுமில்லங்கய்யா. இன்னொரு நாளைக்கி வாரேன்” என்று எழுந்து கதவைப் பார்த்து நடந்தார். ஓர் அடி, இரண்டு அடி.

“ஐயா, இருங்க! பெரியவரே!”

கூப்பிட்டவர் அஜய்குமார். நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்திருந்தார். தான் கூப்பிட்டது தனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி அப்படியே நின்றார்.

சாஜிதா திரும்பினார். “இதுதான் சார் சீன். நீங்க இப்பக் கூப்பிட்டீகள்ல, இதே மாதிரி தியேட்டர்ல ஊரே கூப்பிடும். அவரு அழுதுட்டா யாரும் கூப்பிட மாட்டாக. நா இத மாத்த மாட்டேன் சார்.” யாரிடமும் அவர் அதுவரை இப்படிப் பேசியதில்லை. கயல் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அஜய்குமார் கர்சீப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, “ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்” என்றார். லாட்ஜ் படிக்கட்டில் கயல் சாஜிதாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியதில் அவருடைய செருப்பு ஒன்று கீழ்த்தளத்தில் போய் விழுந்தது.

படம் வெளியாகி எட்டு மாதம் ஆகிறது. கயல் அடுத்த படத்துக்கு ஆள் தேர்வு செய்துகொண்டிருக்கிறாள், அதற்கும் எழுத்து சாஜிதாதான். கொச்சியிலிருந்து ஓர் இயக்குநர் பேசுகிறார், குமுளிச் சந்தையில் கற்ற மலையாளத்தில் சாஜிதா அவரோடு வாதாடுகிறார். ஆனால் அவர் முகத்தைப் பூவாக மலரவைக்க வேண்டுமானால், கம்பம் தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஜீப் ஸ்டாண்டே திரண்டு வந்திருந்தது. ‘கதை, திரைக்கதை, வசனம்: சாஜிதா’ என்று எழுத்து விழுந்ததும் அல்தாப் அடித்த விசிலில் பக்கத்து சீட் குழந்தை அழுதுவிட்டது. அந்த சீன் வந்தது. கிழவர் மோட்டாரைப் பற்றிப் பேசினார். அரங்கில் ஒரு பாக்கெட் பிரிக்கிற சத்தம்கூட இல்லை. ‘ஒண்ணுமில்லங்கய்யா’ என்று அவர் எழுந்ததும் சாஜிதாவுக்கு நேர் பின் வரிசையில் ஓர் அம்மாள் தாங்க முடியாமல் கத்தினார்: “சொல்லிருய்யா! வந்ததுக்கு வாயத் தொறந்து சொல்லிருய்யா!” அடுத்து ஒரு குரல், “ஏலே, அவரப் போக விடாதீகடா!” அப்புறம் யார் குரல் எது என்றே தெரியவில்லை, தியேட்டர் முழுக்கக் கிழவரைக் கூப்பிட்டது.

சாஜிதா சீட்டில் முழங்காலிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, சாய்மானத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அத்தனை முகங்களையும் பார்த்தார். முதலில் கத்திய அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடியே, “ஏத்தா, படத்தப் பாக்காம எங்க மூஞ்சியில என்னத்தப் பாக்குற?” என்றார்.

சாஜிதா கண்ணீர் வழிய, கையை நீட்டி அந்த அம்மாளின் மோவாயைப் பிடித்து, மெதுவாகத் திரையின் பக்கம் திருப்பிவிட்டார்.