உதயரூபன் சிரித்த சிரிப்பு

பழுகாமத்து உதயரூபனுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டிருந்தபடியே, ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள் யாருடையது என்று சொல்லிவிடுவான். "தபால்காரர் வாறார்", "சுதாகரன் போறான், செயின் தளர்ந்து கிடக்கு" என்பான். பாதி உண்மை, பாதி புளுகு. ஊர் முழுதாக நம்பியது, அவனும்தான் நம்பினான்.

அப்படிப்பட்டவனின் பெண்சாதி கேதீஸ்வரி சத்தமே போடாத ஒரு கறன்ட் பைக்கை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினால் அவனுக்கு எப்படி இருக்கும்? மானம் போன மாதிரி இருந்தது. வாய்விட்டு மறுக்கவும் வழியில்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோகிறான். உதயரூபன் போனபோது அந்த வீடு அரைச்சுவரோடு நின்றது. அதைக் கல்வீடாக்கி ஓடு போட்டது குவைத்தில் கேதீஸ்வரி வீட்டுவேலை செய்து அனுப்பிய காசு. பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் அவன் இரவு பகலாகக் கிடந்த காலத்தை நினைத்துத்தான், மிச்சமிருந்த சேமிப்பில் இந்தப் பைக்கையும் வாங்கினாள்.

எனவே வீட்டில் பொத்திக்கொண்ட வாயை அவன் தேத்தண்ணிக் கடையில் திறந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதா என்ன?

ஒருநாள் பின்னேரம் கொக்கட்டிச்சோலைக்கு உரம் விசாரிக்கப் போனவனுக்கு, அருமைநாயகத்தின் தேத்தண்ணிக் கடைக்குக் கிட்ட அவனுடைய பழைய பெற்றோல் வண்டி நின்றுவிட்டது. டாங்கில் பெற்றோல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போனது. அவன் டாங்கை ஆட்டி, உள்ளே தளும்புகிற சத்தத்தை வைத்து அளவு சொல்கிறவன். காது பொய் சொல்லிவிட்டது. பெற்றோல் அடிக்கிற செட்டிலும் அன்றைக்கு இல்லை. வரிசைக் காலத்துப் பயத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு போத்தலில் ஒளித்து வைத்திருந்தான். ஆளில்லாத பக்கமாகப் போய்க் கேதீஸ்வரிக்குப் போன் எடுத்து, அதைக் கொண்டுவரச் சொன்னான். பிறகு கடைக்குள் போய், தேத்தண்ணி குடிக்கவே வந்தவன் மாதிரி மர வாங்கில் அமர்ந்தான்.

அவன் போட்ட திட்டம் எளிது. அவள் வரும் சத்தம் கேட்டதும் மெல்ல எழுந்து போய், ரோட்டிலேயே போத்தலை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிடுவது. எந்தச் சத்தம்? அந்தக் கேள்வி அந்த மூளையில் எழவேயில்லை. வாழ்நாள் முழுக்க மோட்டார் சைக்கிளைக் காதால் பார்த்தவனுக்கு வேறு யோசனை வராது.

கடையில் சுதாகரன் இருந்தான். காத்தான்குடியிலிருந்து சாரி மூட்டையோடு ஊரூராக விற்கப் போகும் அக்ரமும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அவருடையதும் கறன்ட் பைக்தான். பேச்சு அதிலேயே போய் விழுந்தது.

"சத்தமில்லாத வண்டியும் ஒரு வண்டியா?" என்றான் உதயரூபன். "ரெண்டு மூட நெல்லு ஏத்தினா மூச்சு வாங்கும். மாரியில ரோட்டுக்கு மேலால தண்ணி போனா அப்படியே படுத்திடும். வயல் வட்டைக்குப் போற வழியில யானை நிண்டா, நம்மட வண்டிச் சத்தத்துக்கு அது விலகிப் போகும். இதில போனா யானைக்குப் பக்கத்தில போய் நிண்டு சலாம்தான் போடோணும்."

கடை சிரித்தது. அக்ரமும் சிரித்தார். "யானைக் கத மெய்தான் அண்ணன். ஆனா எனக்கு இது ஆதாயம். ராவைக்குக் கறன்டில போட்டுட்டுப் படுத்தா விடியச் சந்தைக்குப் போகலாம். பற்றரி செத்தா புதுசுக்குக் காசு எங்க தேடுறதெண்டதுதான் கவல."

"நம்மட ஆளுக்கு அந்தக் கவலையும் இல்ல," என்றான் சுதாகரன். "பற்றரி செத்தா பெஞ்சாதி புதுசு வாங்குவா. குவைத்துக் காசெல்லே."

உதயரூபனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் புன்னகைத்தான்.

சுதாகரன் ஒரு கண்ணைச் சிமிட்டினான். "சமைச்சு மட்டும் இவ்வளவு உழைக்கலாமெண்டா, மச்சான், நானும் அகப்பையத் தூக்கிக்கொண்டு போயிருப்பனே."

ஒரு கணம் எல்லோரும் உதயரூபனைப் பார்த்தார்கள். எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அட, அதுகூட வேண்டாம், பேசாமலாவது இருந்திருக்கலாம். பெண்சாதி காசில் வாழ்கிறவனுக்கு ரோசம் வேறயா என்று நினைத்துவிடுவார்களே என்ற பயத்தில், அந்த மனிதன் சிரித்தான். எல்லோரையும்விடப் பலமாக, தொடையில் தட்டிச் சிரித்தான்.

அக்ரம் தொண்டையைச் செருமினார். பிறகு தலையைக் குனிந்து தன் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். உதயரூபன் திரும்பினான்.

வாசலில் கேதீஸ்வரி நின்றாள். கையில் போத்தல். பைக் அவளுக்குப் பின்னால் நின்றது. அவள் வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

"இந்தாங்க, பெற்றோல்," என்று நீட்டினாள். சுதாகரனைப் பார்த்து, "அண்ணன், வீட்டில அண்ணி சுகமா இருக்காவா?" என்று கேட்டாள். அவன் ஏதோ முனகினான். அவள் ஏறிப் போய்விட்டாள்.

உதயரூபனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்டிக்குள் பெற்றோலை ஊற்றும்போது பாதி வெளியே போயிற்று. வீட்டில் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. அவள் வழமைபோல உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"நான் ஒண்டும் சொல்லயில்ல கேதி," என்றான். "அவன்தான் சொன்னவன்."

சொன்னதும், அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று அவனுக்கே தெரிந்தது.

"ஓம், நீங்க ஒண்டும் சொல்லயில்ல. சிரிச்சீங்க." அவள் மடித்த சட்டையை அடுக்கில் வைத்தாள். அவனுடைய சட்டைதான். "குவைத்தில இருந்து பேசக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குதெண்டு கேப்பீங்களே, ஞாபகமா? கோப்பை கழுவுறன் எண்டு சொல்லுவன். நான் அழுறது உங்களுக்குக் கேக்கக்கூடாதெண்டுதான் பைப்பத் திறந்து விடுறது."

அவன் சோற்றுக்கு மேலிருந்த மூடியைத் திறந்து, மறுபடி மூடினான்.

"இனி நான் தூரத்திலயே ஹோர்ன் அடிச்சிட்டு வாறன்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "உங்கட பேச்ச நிப்பாட்ட வசதியா இருக்கும்."

கோபத்தில் சொன்ன பேச்சு, நாலு நாளில் போய்விடும் என்று அவன் எண்ணினான். போகவில்லை. எங்கே போய் வந்தாலும் கோயில் முடக்கில் திரும்பும்போதே நீளமாக ஒரு ஹோர்ன். "நாய்கள் கூடின ரோட்டு, பிள்ள கவனமா வருது," என்று பக்கத்து வீட்டு இராசாத்தி மெச்சிக்கொண்டாள். வீட்டில் பேச ஆளில்லாமல் தனியே இருக்கும்போதுகூட, அந்தச் சத்தம் கேட்டால் உதயரூபன் வாயை இறுக மூடிக்கொள்கிறான்.