மீன்குஞ்சுக்கு ஒரு துளி மஞ்சள் கரு

பரிமாறுவதில் என் கை கொஞ்சம் தாராளம். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். "போதும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் காதே கேட்காது. அந்தக் கையோடுதான் ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன்களுக்குத் தீனி போடும் வேலைக்குப் போனேன். போய், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கெடுத்து, கடைசியில் ஜெயிக்கவும் செய்தேன். ஜெயித்ததைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

பேகம்பேட்டில் இன்னும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கணவருக்குக் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடம் அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. மகன் முழுநேரப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் விண்ணப்பம் போட்டேன்.

ஆய்வகத் தலைவர் மூன்று தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கும் தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது எட்டிப் பார்க்கும். "மூணு மாசம் பாப்போம்மா. சரியா வந்தா வேலை உங்களுக்கு. இல்லைன்னா நக்கோ, வேண்டாம்," என்று சொல்லி மீன் அறைச் சாவியைக் கையில் கொடுத்தார். ஒன்பது வருடத்தில் வீட்டுக்கு வெளியே என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் சாவி அது. அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மீன்கள் ஜீப்ரா மீன்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, உடம்பெல்லாம் நீலக் கோடு. பெரிய மீன்களுக்குத் தீனி போடுவது சுலபம். குஞ்சுகள்தான் படுத்தும். முதல் நாலைந்து நாள் அவற்றின் வயிற்றோடேயே மஞ்சள் கரு இருக்கும், கட்டுச்சோறு மாதிரி. அது தீர்ந்ததும் வெளிச் சாப்பாடு வேண்டும், வாயோ ஊசிமுனை. அதற்காகப் பாரமீசியம் என்கிற, தூசி போலத் தெரியும் ஒற்றைச் செல் உயிரியை இரண்டு குடுவைகளில் வளர்ப்போம். அதற்குச் சாப்பாடு, வேகவைத்த கோதுமை நாலைந்து மணி.

மூன்றாவது மாதம் வந்தது சோதனை. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கோயம்புத்தூர்ப் பெண் இரண்டு வருடமாக ஒரே ஒரு மீன் வகையை நம்பி உழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வகைத் தாய் மீன்கள் கிழடாகி ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடைசித் தாய் போட்ட முட்டைகளில் அறுபது குஞ்சுகள் தேறின. இவை போனால் அந்த வகையும் இல்லை, அவள் ஆராய்ச்சியும் இல்லை.

"அக்கா, இதுகளை உங்களை நம்பித்தானுங்கக்கா விடறேன்," என்றாள்.

போதாதா? உருகிப் போய்விட்டேன். குஞ்சுகளுக்குக் குறைவில்லாமல் பாரமீசியம் வேண்டுமே என்று குடுவைகளில் கூடுதலாக ஒரு கைப்பிடி கோதுமை போட்டேன். ஒரு குடுவையில் மட்டும் போட்டிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். ஓரவஞ்சனை கூடாதென்று இரண்டிலும் போட்டேன். குஞ்சுகளுக்கு ஐந்து நாள் ஆன காலையில் கதவைத் திறந்தால் குப்பென்று நாற்றம். கோதுமை அழுகி, இரண்டு குடுவையிலும் பாரமீசியம் ஒன்றுகூட மிச்சமில்லை.

தலைவர் குடுவையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கைக்கும்மா, ஏன்? யாரு இவ்வளவு போடச் சொன்னா?" பெங்களூரில் தெரிந்த ஆய்வகத்துக்குப் போன் போட்டார். புதுப் பாரமீசியம் வந்து சேர நாலு நாள் ஆகுமாம். குஞ்சுகள் பட்டினியில் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். அலமாரியில் இருந்த தூள் தீனியைத் தூவிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தூவினேன். மைக்ராஸ்கோப்பில் ஒரு குஞ்சை வைத்துப் பார்த்தேன். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி. இதயம் துடிப்பதும் தெரியும், குடலும் தெரியும். குடல் காலி. பக்கத்தில் மிதந்த தூள் ஒவ்வொன்றும் அதன் வாயைவிடப் பெரிது. சோற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பட்டினி கிடந்தன. பக்கத்தில் அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் கல்லூரியில் செய்த மீன் வளர்ப்புச் செய்முறை பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கெண்டைக் குஞ்சுகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து விடுவோம். தலைவர் அறைக்கு ஓடினேன்.

"முட்டையா? தண்ணி நாறிடும். நாளைக்கே எல்லாம் போயிடும்," என்றார்.

"நாறாம நான் பாத்துக்கிடுதேன் சார்."

"உங்க கையால ஏற்கெனவே ரெண்டு குடுவை போச்சும்மா."

சுருக்கென்று குத்தியது. உண்மை வேறு, அதனால் இன்னும் குத்தியது. "போச்சு சார். என் கையாலதான் போச்சு. அதான் நானே சரி பண்ணணும்னு நிக்கேன்," என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

நல்லவேளை, கேண்டீனில் அன்று முட்டைக் குழம்பு. குழம்பில் விழுவதற்கு முன் ஒரு முட்டையை வாங்கி வந்தேன். துணி? அந்தப் பெண் யோசிக்கவே இல்லை, தன் வெள்ளைப் பருத்தித் துப்பட்டாவை டர்ரென்று கிழித்து நீட்டினாள். வெந்நீரில் அலசி, மஞ்சள் கருவைக் கட்டி, பிழிந்தேன். தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. அதில் ஒரே ஒரு துளி குஞ்சுகளுக்கு. கை இன்னொரு துளிக்குப் பரபரத்தது. அடங்கு மூதேவி என்று கையைத் திட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குடலில் மெல்லிசாக ஒரு மஞ்சள் இழை!

"ஏட்டி, வா, வா! தின்னுட்டு! எல்லாம் தின்னுட்டு!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொண்டாட நேரமில்லை. அடியில் தங்கிய கருவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி. முதல் நாளிலேயே ஐந்து குஞ்சுகள் செத்தன. வாய்விட்டு அழுதேன், அழுதுகொண்டே தண்ணீரையும் மாற்றினேன். மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஒன்றும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கணவர் போன் செய்து, பையன் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்றார். "பசிச்சா அவனே கேப்பான், விடுங்க," என்றேன்.

"நீயா பேசுத?" என்றார்.

பெங்களூர்ப் பாரமீசியம் வந்தபோது ஐம்பத்திரண்டு குஞ்சுகளும் கிண்ணத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. அதையும் அளந்துதான் போட்டேன். அடுத்த வாரம் உப்புநீர் இறால் முட்டைகளைத் தண்ணீரில் பொரிக்கவைத்து, அந்தப் பொடி இறால் குஞ்சுகளை உயிரோடு கொடுத்தேன். அது செம்மஞ்சள் நிறம். தின்ற பத்தாவது நிமிடம் ஐம்பத்திரண்டு வயிறும் செம்மஞ்சளாக மின்னின. மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை, வாசலில் நின்றாலே தெரிந்தது. அந்தப் பெண் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். முப்பத்து நாலு வயதில் நானும் குதித்தேன். என் படிப்பு வீணில்லை, நானும் வீணில்லை என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

அன்றுதான் என் மூன்று மாதத்தின் கடைசி நாள். சாயங்காலம் தலைவர் வந்தார். நான் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். "ஹவ்... ஆமா, ஐம்பத்திரண்டு," என்று முனகிக்கொண்டே கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்கம்மா?"

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "எட்டு மணிக்கு சார்," என்றேன். "அதுக்கு மேல போனா பிள்ளைகளுக்குப் பசிக்கும்."