முதுகு டீச்சர்

கரும்பலகையில் இனி அழிப்பதற்கு ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. ஆனாலும் டீச்சர் துடைத்துக்கொண்டே இருக்கிறார், தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல மெதுவாக. பின்னால் ஒரு மாணவி எழுந்து நின்று ஆங்கிலப் பாடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முடித்து உட்காரும் சத்தம் கேட்ட பிறகுதான் டீச்சர் திரும்புவார். அப்போது அவர் மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். அதைச் சொல்ல வேண்டாம் என்று அந்த வகுப்பு தனக்குள் முடிவு செய்திருக்கிறது.

அழிப்பான் பள்ளிக்கூடத்துடையது அல்ல. கணவரின் பழைய பனியனை நாலாக மடித்து, ஓரம் தைத்து வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். கணவர் மிஷன் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவர். அவருக்கு வேலை கிடைத்து, கடல் கடந்து குடும்பம் இங்கே வந்தபோது, பக்கத்து மிஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியை திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார். ஆள் கிடைக்கும் வரை என்று இவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷமாக ஆள் கிடைக்கவில்லை.

டீச்சருக்குக் கூச்சம் அதிகம். ஆசிரியர்கள் அறையில் சுவரைப் பார்த்த நாற்காலிதான் அவருடையது. கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டி வாங்கிவருவார். கூடவே இருக்கும் நாத்தனார் விடமாட்டாள். "ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறீங்க. ரொட்டிக்கடையில மட்டும் ஊமை பாஷை பேசறீங்களே அண்ணி" என்பாள். அண்ணி சிரித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். நறுக்கும்போது மறுநாள் பாடம் முழுவதையும் வெங்காயத்திடம் கணீரென்று சொல்லிப் பார்ப்பார்.

முதல் மாதத்தில் நடந்தது இது. கடைசி பெஞ்சில் ஒரு பெண், அந்தப் பள்ளியில் யாரும் குரலே கேட்டிராத பெண், புத்தகத்தோடு எழுந்து நின்றாள். பக்கம் நடுங்கியது. நாற்பது முகங்கள் திரும்பின. அந்தத் தவிப்பு டீச்சருக்குத் தெரிந்த தவிப்பு. பார்க்கச் சகிக்காமல் அவர் பலகைப் பக்கம் திரும்பித் துடைக்க ஆரம்பித்தார். டீச்சரே பார்க்கவில்லை என்றதும் மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கிளம்பியது. அன்றிலிருந்து யார் வாசித்தாலும் டீச்சர் முதுகைத்தான் காட்டுவார்.

'முதுகு டீச்சர்' என்று பெயர் வைத்தவர் அதே பள்ளியில் இருக்கும் நம்மவரான கணக்கு வாத்தியார். பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கதவின் சதுரக் கண்ணாடி வழியாகத் தலைமையாசிரியை, எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று சொல்பவர், அந்த முதுகைப் பார்த்துவிட்டார். ஆசிரியரின் கண் எப்போதும் வகுப்பின் மேல் இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருப்பதாக அமைதியாகச் சொன்னார். புதன்கிழமை தாமே வகுப்பில் வந்து உட்காரப்போவதாகவும், அதன் பிறகுதான் வேலையை நிரந்தரமாக்குவதா, வேறு ஆளைக் கூப்பிடுவதா என்று முடிவாகும் என்றும் சொன்னார்.

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வாய் திறந்து பேச உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரு வகுப்பறைதான். அது போனால் பிறகு வெங்காயம்தான். வேலை கிடைத்தாலும் இன்னொரு கண்டம் இருந்தது. நிரந்தரமாகச் சேருகிறவர் பெரிய சிஸ்டர் அறையில், அவர் முன்னால் நின்று, பள்ளியின் உறுதிமொழியை உரக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அது அங்கே வழக்கம்.

"ஒரே ஒரு பீரியட் மூஞ்சியக் காட்டுங்க டீச்சர். அப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் முதுகக் காட்டிக்கலாம்" என்றார் கணக்கு வாத்தியார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. நாத்தனார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "நான்தான் பெரிய சிஸ்டர். என்னைப் பாத்தே நடத்தணும், ஆமா." இரண்டு நிமிஷத்தில் அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பி ரசத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பெரிய சிஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் பின்சுவரில் இருந்த ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் ஒழுங்காக நடத்திவிட்டார். மூச்சு விடலாம் என்று நினைத்தபோது பெரிய சிஸ்டர் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் வாசிக்கும்படி கைகாட்டினார். குரலில்லாத அதே பெண்.

அவள் எழுந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெரிய சிஸ்டர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். வகுப்பும் பார்த்தது. அந்தப் பெண்ணோ டீச்சரையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. மேஜை மேல் மடித்து வைத்திருந்த பனியன் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் துணியை எடுத்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, பலகையின் இடது ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். பலகையில் எழுதியதெல்லாம் போய், துடைக்க ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்தபோது பின்னால் குரல் கிளம்பியது. ஓரிடத்தில் தடுக்கி நின்றது. டீச்சர் கையை இன்னும் மெதுவாக்கினார். குரல் மறுபடி நடந்தது. கடைசி வரியும் வந்தது. அவர் திரும்பியபோது பெரிய சிஸ்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"போச்சா?" என்றார் கணக்கு வாத்தியார். டீச்சர் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசி மணி அடித்ததும் கூப்பிட்டனுப்பினார்கள். அழுதுவிடக்கூடாது என்ற ஒரே தீர்மானத்தோடு டீச்சர் உள்ளே போனார். மேஜைமேல் உறுதிமொழித் தாள் இருந்தது. பெரிய சிஸ்டர் அதை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். டீச்சர் வாங்கி நின்றார். தாளின் ஓரம் படபடத்தது. முதல் சொல் கண்ணுக்குத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

பெரிய சிஸ்டர் சற்று நேரம் அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, அங்கியிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். டீச்சருக்கு முதுகைக் காட்டி நின்று, பளபளவென்றிருந்த புத்தக அலமாரியின் கண்ணாடியை இடது ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.