பிரேக் ரப்பரின் இடது ஓரம்

என் மேசை டிராயரில் ஜீப்பின் பிரேக் பெடலில் மாட்டும் பழைய ரப்பர் ஒன்று கிடக்கிறது. இடது ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, மற்ற பக்கமெல்லாம் புதுசு போலவே இருக்கும். என் மாமாவின் ஜீப்பில் இருந்தது. அப்போது நான் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடை போடும் வேலையில் இருந்தேன். கூடலூரிலிருந்து தினமும் மாமாவின் ஜீப்பில்தான் மலையேறுவேன், தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு.

கூரையில் சுமை கட்டிவிட்டு ஏணி வைத்து இறங்கும் டிரைவரை எங்கள் ஊரில் அன்று பார்க்க முடியாது, குதிப்பதுதான் கெத்து. மாமாவும் அப்படிக் குதித்து வலது குதிகால் எலும்பை நொறுக்கிக்கொண்டார். ஏலக்காய் சீசன் என்று, டாக்டர் சொன்ன நாள் முடியுமுன்பே மாவுக்கட்டை அரிவாளால் தானே அறுத்தெறிந்தார். எலும்பு எப்படியோ கூடியது. அதற்கு மேலுள்ள மூட்டு தேய்ந்துபோனது. குதிகாலை ஊன்ற முடியாமல், பெருவிரல் ஓரத்தால் பிரேக்கை மிதிக்கத் தொடங்கினார். ஆபரேஷன் செய்யச் சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு மாலை, இறக்கத்து வளைவில் அந்த விரல் வழுக்கிவிட்டது. ஜீப் மலைப்பக்கம் உரசி நின்றது. பள்ளம் மறுபக்கம், தப்பித்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "ஆபரேஷன் பண்ணிட்டு ஓட்டுங்க மாமா, இல்லாட்டி சாவியக் குடுங்க!"

"மூட்டை ஒட்டவச்சுருவாகளாம் ஆத்தா. கட்டையாப் போன கால வச்சு பிரேக்க எப்பிடி மிதிக்க?" என்றார். இரண்டு வருஷமாக அவரைத் தடுத்தது இந்தப் பயம்தான். ஜீப்பை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

எப்படியோ சம்மதிக்கவைத்துத் தேனியில் காட்டிய டாக்டரம்மா கெட்டிக்காரி. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஜீப்புக்கே வந்தார். மாமாவை ஏறி உட்காரச் சொல்லி, குதிகால் பக்கவாட்டில் சாயாதபடி கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, "இப்ப மிதிங்க" என்றார். பாதம் தாராளமாக மேலும் கீழும் அசைந்தது. "இது கணுக்கால் மூட்டு. இதைத் தொடமாட்டேன். இதுக்குக் கீழ, பக்கவாட்டுல சாயிற மூட்டைத்தான் ஒட்டப்போறேன். மேடு பள்ளத்துல பார்த்து நடக்கணும், அவ்வளவுதான்."

மாமா ஐந்தாறு தடவை மிதித்துப் பார்த்தார். "பிரேக்குக்கு எதுக்கு ஆத்தா பக்கவாட்டு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆபரேஷனில் காலைப் பெரிதாகக் கிழிக்கவில்லை. சின்னச் சின்னத் துளைகள், அதில் ஒன்றின் வழியே கேமரா, எலும்புக்குள் இரண்டு ஸ்குரூ. இந்தத் தடவை டாக்டரம்மா சொல்லும்வரை மனுஷர் அந்தக் காலை ஊன்றவே இல்லை. எதற்கும் இருக்கட்டுமென்று அரிவாளை நான் ஒளித்துவைத்திருந்தேன்.

அறுபது தாண்டியும் ஓட்டுகிறார். ஏணி வைத்துத்தான் இறங்குகிறார். இளவட்டங்கள் கேலி செய்தால், "போங்கலே, எனக்குப் பிரேக்கு வேணும்" என்பார். போன மாதம் பிரேக் ரப்பரை மாற்றினார். கழற்றியதைக் கேட்டு வாங்கிவந்து டிராயரில் பழையதன் பக்கத்தில் வைத்தேன். இதுவும் தேய்ந்துதான் போயிருக்கிறது, நட்டநடுவில்.