டிஸ்க் அக்காவின் பஞ்சாயத்து

எண்டர் தட்டும் முன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார் டிஸ்க் அக்கா. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிறார். பிறகு பக்கத்தில் நிற்பவரையும் படிக்கச் சொல்கிறார். "கண்ணு நினைச்சதைத்தான் படிக்கும். வாயால படிச்சா மாட்டிக்கும்."

கடைகடையாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். டீ கொடுத்தால் மெஷினுக்கு எட்டாத ஜன்னலில் வைத்துவிடுவார். வேலை முடிந்ததும் ஒரே மடக்கு. ஆறின டீதான் அவருக்குப் பிடிக்கும் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தார். சிஸ்டத்தைப் புதுப்பித்த கையோடு ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுவதும் காணாமல் போயிருந்தன. வேறு பிரதி கிடையாது. கல்யாணம் முடிந்த சில நாட்களில் மணப்பெண்ணின் அப்பா இறந்துவிட்டார். அவர் சிரித்த முகம் அந்தப் படங்களில்தான் இருந்தது. எங்கள் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு பேருக்குள்ள சண்டை, அவ்வளவுதான்."

மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல், அவர் பேச்சில் அண்ணன். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கித் தரும் வால்யூம் மேனேஜர் தங்கச்சி. "மெஷின் ஆன் ஆனதும் அண்ணன் முதல்ல எழுந்துடுவான். டிஸ்க்கைப் பிரிச்ச பாகம், அதான் பார்ட்டிஷன், கண்ணுல பட்டதுக்கெல்லாம் துண்டு போட்டுடுவான். அப்புறமா தங்கச்சி வந்து கேட்டா, ஆள் இருக்குன்னு பதில் வரும். அவ என்ன செய்வா பாவம்?"

"அடிச்சுப் புடுங்க முடியாதாக்கா? ஃபோர்ஸ்னு ஏதோ இருக்காமே, மச்சான் சொன்னான்" என்றார் முதலாளி.

"மச்சானுக்கு என்னங்க, சொல்லிட்டுப் போயிடுவாரு."

ஒரு வரி தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்தார். முதலாளி படிக்க ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றது. பாய்ந்து வந்து விசைப்பலகையின் மேல் கையை விரித்தார்.

"அக்கா, டெலீட்னு போட்டிருக்கே!"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்வேன். "இப்படித்தான் பயப்படணும். ஆனா இது டிஸ்க்கை அழிக்கச் சொல்றதில்லீங்க. அண்ணன் மனசுல பிடிச்சு வச்சிருக்கறத மறக்கச் சொல்றது. நிஜமா அழிக்கறதும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும். நல்லாப் படிங்க."

இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு முதலாளி கையை எடுத்தார். அக்கா எண்டர் தட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"ஒண்ணும் சொல்லலைன்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்." தங்கச்சியைக் கூப்பிட்டார். இந்த முறை அவளுக்கு இடம் கிடைத்தது. இனி மெஷின் எழும்போது இந்த டிஸ்க்குகளில் அண்ணன் துண்டு போடவே கூடாது என்றும் எழுதிவைத்தார்.

கல்யாண ஃபோல்டர் திறந்தது. முதலாளி முதல் படத்தைப் பெரிதாக்கினார்.

"அக்கா, பாருங்க, அந்த அப்பா..."

"வந்துடுச்சுல்ல, போதும். அந்தப் பொண்ணு முதல்ல பாக்கட்டும்" என்றபடி அக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.